கதிரை மாற இரண்டு நிமிடம்

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்கிற ஊரின் ஸ்டேஷனில் இறங்கும்போது மழை. குடையை விரித்தால் காற்று திருப்பிப் போடும், விரிக்காவிட்டால் தலை நனையும். அப்படிப்பட்ட லண்டன் மழை. சந்தைக் கடைகளுக்குப் பின்னால் ஒரு பழைய செங்கல் கட்டடம் இருக்கிறது. ஒருகாலத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்சாக இருந்ததாம். அதன் இரண்டாம் மாடியில்தான் எனக்கு வேலை. லிஃப்டில் எப்போதும் ஈரக் காகிதத்தின் மணம் வரும். அன்றைக்கும் வந்தது. வழக்கத்துக்கு மாறாக எதுவும் இல்லை.

என் வேலை என்னவென்று சொன்னால் கோயிலில் சந்திக்கிற சனம் சிரிக்கும். நான் விமானமோட்டி. விமானம்தான் இல்லை.

விமானங்களுக்குத் தரையிலிருந்து வழி சொல்லுகிற கட்டுப்பாட்டாளர்களைப் பயிற்றுகிற தனியார் பள்ளி அது. பயிற்சி பெறுகிற பிள்ளைகள் ஒரு அறையில் மேசைக்கு முன்னால் இருந்து, ஹெட்செட்டில் விமானிகளோடு பேசுவார்கள். அந்த விமானிகள் எல்லாரும் நான்தான். கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம், அலுமாரி அளவு அறையில் இருந்துகொண்டு, ஒரே நேரத்தில் பதினொரு விமானங்களாகப் பதில் சொல்லுவேன். அவர்கள் இறங்கச் சொன்னால் மவுசை அழுத்தி இறக்குவேன். காலையில் துருக்கிக்காரன், மத்தியானம் டச்சுக்காரி. வீட்டில் சண்டை பிடித்துவிட்டு வந்த நாட்களில் வானத்திலுள்ள அத்தனை பேரும் சிடுசிடுப்பார்கள்.

தலைமைப் பயிற்றுநர் கமலநாதன் சேர். மலேசியாவில் ஈப்போக்காரர், வயது அறுபத்தாறு. மடிப்புக் கலையாத சட்டை, டை, மேசையில் கூர் சீவிய நாலு பென்சில். கையில் சேர்டிபிக்கேற்றும் இல்லாமல், இரண்டு பிள்ளைகளோடு நின்ற எனக்கு இந்த வேலையைத் தந்தவர் அவர்தான். அந்த நன்றி எனக்கு உண்டு. அது இருந்ததால்தான் இத்தனையும் நடந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

அந்த வருடம் அவருடைய மகள் வான்மதியும் வகுப்பில் இருந்தாள். இருபத்தேழு வயது, துறுதுறுத்த பிள்ளை. என்னை 'அக்கா' என்பாள். வெள்ளிக்கிழமை அவளுக்குக் கடைசிப் பரீட்சை. வெளியிலிருந்து ஆள் வந்து எடுப்பார்கள். பாஸ் பண்ணினால் தெற்குப் பக்கத்தில், லண்டன் வானத்தையே பார்க்கிற பெரிய நிலையத்துக்குப் போவாள்.

செவ்வாய் என்றால் பயிற்சி பத்தொன்பது.

எங்கள் பள்ளியில் எல்லாரும் பயப்படுகிற பயிற்சி அது. 1997இல் ஒரு கடலுக்கு மேல் இரண்டு பயணிகள் விமானங்கள் நேருக்கு நேர் மோதின. இருநூற்று முப்பத்தொரு பேர். அந்தக் கடல் எந்த நாட்டுடையது என்று நான் எழுதப் போவதில்லை. கமலநாதன் சேர் அங்கே கட்டுப்பாட்டாளராக இருந்தவர். அந்தக் கடற்பரப்பில் ரேடார் இல்லை. எல்லாம் ஸ்ட்ரிப்தான். விமானத்துக்கு ஒன்றாக ஒரு நீளக் காகிதத் துண்டு, அதைப் பிளாஸ்டிக் சட்டத்தில் போட்டுப் பலகையில் அடுக்குவார்கள். விமானத்துக்கு ஒரு புது உயரம் சொன்னால் அந்தக் கணமே அதில் எழுத வேண்டும். ஸ்ட்ரிப்பில் எழுதாத உயரம் அடுத்த ஆளுக்குத் தெரியவே தெரியாது.

விபத்தின் கதையைச் சேர் ஒவ்வொரு வகுப்புக்கும் சொல்லுவார். ஆங்கிலத்தில்தான். அவர் சொல்லுகிற கதை இதுதான். அவர் ஒரு விமானத்தை இருபத்தொன்பதாயிரம் அடிக்கு இறக்கினார். ஸ்ட்ரிப்பில் எழுதினார். கதிரை மாறி, அடுத்த ஆளை இருத்திவிட்டு எழும்பினார். மாற்றுக்கு வந்த ஆள் கண்ணுக்கு முன்னால் இருந்த எழுத்தைப் பார்க்காமல், எதிரே வந்த விமானத்தையும் அதே உயரத்துக்கு ஏற்றிவிட்டான்.

"பாதித் தூக்கம்," என்று சிரிப்பார். பிள்ளைகளும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

பிறகு முகத்தை மாற்றிக்கொண்டு விதிக்கு வருவார். கதிரை மாற வருகிறவர் பின்னால் நிற்க வேண்டும். கதிரையின் முதுகில் கை வைத்து, மேசையின் இரண்டாவது துளையில் தன் ஹெட்செட்டைச் செருகி, முழுதாக இரண்டு நிமிடம் கேட்க வேண்டும். இருப்பவர் ஒவ்வொரு விமானமாகச் சொல்ல வேண்டும். வந்தவர் 'நான் பார்க்கிறேன்' என்ற பிறகுதான் இருப்பவர் எழும்பலாம். அந்த இரண்டு நிமிடப் பேச்சும் பதிவாகும். முன்பு அது பதிவாவதில்லை.

"இருநூத்து முப்பத்தோரு பேர் வாங்கிக் குடுத்த ரெண்டு நிமிஷம்," என்று முடிப்பார். அப்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மயிர்க்கூச்செறியும்.

அன்றைக்குக் கதிரையில் சிவதர்ஷன் என்ற பெடியன். பயிற்சியின் கடிகாரத்தில், 1997இல் கதிரை மாறிய அதே மூன்று பத்துக்கு வான்மதி அவனிடம் கதிரை வாங்க வேண்டும். யாராவது ஹெட்செட்டைச் செருகினால் என் காதில் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். தொடக்கத்தில் சிவதர்ஷனுடையது கேட்டது. மூன்று பத்துக்கு வான்மதியுடையது.

சிவதர்ஷன் விமானங்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினான்.

டிக்.

நான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். அந்த மேசையில் இரண்டு துளைகள்தான் இருக்கின்றன. இரண்டிலும் வயர் இருந்தது.

காதில் ஒரு மூச்சு கேட்டது. சிவதர்ஷன் பேசிக்கொண்டிருந்தான், அவனுடைய மூச்சு இல்லை. வான்மதி மூச்சைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். இது மெதுவான, பொறுமையான மூச்சு. இடையிடையே வாய்க்குள் எதையோ ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் தள்ளுகிற சத்தம். அதோடு என் அலுமாரி அறைக்குள் ஒரு மணம் வந்தது.

கராம்பு.

பிறகு ஒரு ஆண்குரல். சுத்தமான யாழ்ப்பாணத் தமிழ். பக்கத்து வீட்டுக்காரர் வாசல் படலையில் நின்று கேட்பதுபோல அவ்வளவு அன்பாகக் கேட்டது.

"அண்ணை, பிள்ளை என்னவாம்?"

வான்மதி திரும்பிக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள். சிவதர்ஷன் பேச்சை நிறுத்திவிட்டான். அறையின் பின்பக்கச் சுவரில், பயிற்றுநருக்கான தனித் துளையில் செருகிய ஹெட்செட்டோடு நின்ற கமலநாதன் சேரை அப்போதுதான் பார்த்தேன். அவர் முகத்தில் இரத்தமே இல்லை.

"பயிற்சி முடிஞ்சிருச்சு," என்றார். இன்னும் அரை மணித்தியாலம் பாக்கி இருந்தது.

பிள்ளைகள் போனதும் என் அறைக் கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார்.

"கௌசி, நீ பேசுனியா?"

"என்ர குரல் ஆம்பிளைக் குரலோ சேர்?"

"பதிவப் போடு."

போட்டேன். டிக். மூச்சு. குரல். எல்லாம் அப்படியே இருந்தது. சேர் என் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"கிராம்பு வாசம் வருதா உனக்கு?"

"ஓம் சேர். ஆரோ சப்பிற மாதிரி."

"அவனுக்குக் கடவாப் பல்லுல வலி. எப்பவும் வாயில ஒண்ணு கிடக்கும்." கதவைச் சாத்தினார். "அன்னிக்கு எனக்கு ஈப்போவில இருந்து போன் வந்துச்சு. வான்மதி பொறந்த நேரம். அவன் அப்பதான் மாத்த வந்தான். 'போய்க் கதையுங்கோ அண்ணை, நான் பாக்கிறன்'னான். நான் எந்திரிச்சு ஓடிட்டேன். ரெண்டு நிமிஷம் இல்ல, பத்து செகண்ட் கூட நிக்கல. போன்ல இருக்கறப்பவே மோதிடுச்சு. திரும்பி வந்தேன். அவனுக்கு இன்னும் ஒண்ணும் தெரியாது. என்னைப் பாத்து இதைத்தான் கேட்டான்."

"ஆர் சேர் அந்தாள்?"

"செபமாலைமுத்து. உங்க ஊர்தான், யாழ்ப்பாணம். பாஷையூர்."

எனக்குத் தலைக்குள் சூடு ஏறியது. எத்தனை வருடமாக இந்தக் கதையைக் கேட்கிறேன், ஒருநாளும் பெயர் சொன்னதில்லை. 'மாற்று ஆள்' என்றுதான் சொல்லுவார்.

"ஒவ்வொரு வகுப்பிலையும் பாதித் தூக்கம் எண்டு நீங்கள் சிரிக்கிறது எங்கட ஆளையோ? என்னையும் வைச்சுக்கொண்டு?"

அவர் கழுத்து டையைத் தளர்த்தினார்.

"இப்ப எங்க இருக்கிறார்?"

"ஜெயில்ல போட்டாங்க. மூணாம் மாசம் உள்ளயே தூக்கு மாட்டிக்கிட்டான்."

புதன்கிழமை நான் லீவு எடுத்தேன். லூயிஷாம் சிவன் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டேன். பிறகு, பாவம், அந்தாள் வேதக்காரர் என்று நினைவு வந்து, வழியில் ஒரு சர்ச்சிலும் மெழுகுதிரி கொளுத்தினேன். எதற்கும் இருக்கட்டும் என்று. பயம் வந்தால் மனிசருக்கு எல்லாச் சாமியும் வேண்டும்.

வியாழக்கிழமை வான்மதி பிடிவாதமாக நின்றாள்.

"பத்தொன்பதை முடிக்காம நாளைக்கு நான் டெஸ்டுக்கு போக மாட்டேன்ப்பா. நீங்கதான் நடுவுல ஸ்டாப் பண்ணீங்க."

"வேற எக்சர்சைஸ் செய்யேன்மா."

"எதுக்கு? எல்லாரும் செஞ்சாச்சு. நான் மட்டும் உங்க பொண்ணுன்னு விட்டுட்டீங்கன்னு பேசுவாங்க."

சேர் என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் திரையில் போட்டேன்.

இந்தப் பயிற்சியில் பிள்ளைகளுக்கு ரேடார் கிடையாது. அந்தக் காலம் போல ஸ்ட்ரிப் மட்டும்தான். விமானங்கள் எங்கே இருக்கின்றன என்று பார்க்கிற ஒரே ஆள் நான். அன்றைக்குத் தொடக்கத்திலிருந்தே வான்மதி கதிரையில் இருந்தாள். அவளை மாற்ற யாரையும் போடவில்லை, அதைச் சேர் வேண்டுமென்றேதான் செய்தார். கதிரை மாறாவிட்டால் வருகிறவன் வரமாட்டான் என்று நினைத்திருப்பார்.

வெளியே மழை விட்டிருந்தது. மூன்று மணிக்கே வெளிச்சம் மங்கத் தொடங்கிவிட்டது. மூன்று பத்து.

டிக்.

வான்மதிக்கு அது கேட்டதாகத் தெரியவில்லை. அவள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள். அவளுடைய கதிரையின் முதுகுப் பஞ்சில், தோளுக்குப் பக்கத்தில், நாலு குழிகள் விழுந்தன.

யாரோ கை வைத்ததுபோல.

கராம்பு மணம் என் தொண்டைக்குள் இறங்கியது. திரையைப் பார்த்தேன். என் பதினொரு விமானங்களில் ஒன்பது இல்லை. இரண்டுதான் இருந்தன. அவற்றுக்கு நான் போட்ட பெயர்களும் இல்லை. வகுப்பில் சேர் எழுதிக் காட்டுகிற, 1997இன் பெயர்கள். ஒன்று இருபத்தொன்பதாயிரம் அடியில் வந்தது. மற்றது அதே இருபத்தொன்பதாயிரத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. நேருக்கு நேர். இடையில் நாற்பது மைல்.

மவுசை அழுத்தினேன். அசையவில்லை.

"அண்ணை," என்றது குரல். சேர் தன் காதைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். அவருக்கும் எனக்கும் மட்டும்தான் கேட்டது. "பெட்டைப் பிள்ளையே? நல்லா வளர்ந்திட்டா."

முப்பத்தைந்து மைல்.

"இவவின்ர போனுக்குத்தானே எழும்பினியள். நாளைக்கு இவ எந்தக் கதிரையில இருந்தாலும் பின்னால நான் நிப்பன். சனத்தை நிரப்பிக்கொண்டு மேல பிளேன் போகும். ஒருநாளைக்கு இவவை எழும்பச் சொல்லுவன்."

அந்தக் குரலில் கோபமே இல்லை. அதுதான் என்னை நடுங்க வைத்தது. இருபத்தேழு வருடமாக யோசித்து முடித்த ஆளின் குரல் அது.

கமலநாதன் சேர் ஓடிவந்தார். அந்த வயதில் அவர் ஓடி நான் பார்த்ததில்லை. மகளின் ஹெட்செட்டைக் கழற்றினார். "எந்திரி. வெளிய போ." அவள் ஏதோ கேட்டாள். "போன்னா போ!" கதவுக்கு வெளியே அவளை விட்டுச் சாத்திவிட்டு, அந்தக் கதிரையில் இருந்து, தன் வயரைச் செருகினார்.

நாலு குழிகளும் அப்படியே இருந்தன. இப்போது அவருடைய தோளுக்குப் பக்கத்தில்.

"செபமாலை," என்றார். "நான் சொல்றேன். அன்னிக்குச் சொல்லாத ஹேண்டோவர் சொல்றேன். கேளு."

இருபது மைல்.

"அந்த பிளைட்ட இருபத்தொம்பதுக்கு இறக்குனேன். உன்கிட்ட சொல்லல. ஸ்ட்ரிப்ல எழுதல. போன் வந்துச்சுன்னதும் எந்திரிச்சிட்டேன்."

"பிறகு?"

பன்னிரண்டு மைல்.

"நான் திரும்பி வந்து பாத்தேன். ஸ்ட்ரிப்ல இன்னும் முப்பத்துமூணுன்னு இருந்துச்சு. பிள்ளை என்னவாம்னு கேட்டுட்டு, நீ திரும்பி ரேடியோல அவங்களைக் கூப்பிட்டுக்கிட்டே இருந்த. என்னைப் பாக்கல." அவர் குரல் உடைந்தது. "பேனாவ எடுத்து இருபத்தொம்பதுன்னு எழுதினேன். நீ பாக்காம விட்ட மாதிரி. விசாரணைல உன் மொகத்தப் பாத்துக்கிட்டே, அவன்தான் ஸ்ட்ரிப்பப் பாக்கலன்னு சொன்னேன்."

ஆகக் கதை அதுதான். நித்திரை கொண்டவனும் இல்லை, கவனிக்காமல் விட்டவனும் இல்லை. ஒரு பேனா, மூன்று செக்கன் வேலை. அதற்கு ஒரு மனிசன் இரும்புக் கம்பியில் தொங்கினான்.

மூன்று மைல்.

"இதை எழுத்தில குடுப்பியளோ?"

"குடுப்பேன்."

"என்ர பெண்சாதிக்கும்?"

"சத்தியமா. நாளைக்கே எழுதுறேன்."

ஒரு மூச்சு இழுபட்டது. வாய்க்குள் கராம்பு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போனது.

"அப்ப இருங்கோ. நான் போறன்."

டிக்.

திரையில் ஏறிக்கொண்டிருந்த விமானம் தானாகவே நின்றது. ஆயிரம் அடி கீழே. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கடந்து போயின. கதிரை முதுகில் இருந்த குழிகள் மெதுவாக மேலே எழும்பி மறைந்தன. நான் அழுதுகொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அத்தோடு முடிந்திருக்கலாம். முடிக்க விடாமல் செய்தது பேயில்லை. நாங்கள் இரண்டு பேரும்தான்.

நாலரை மணிக்குச் சேர் என் அறைக்கு வந்தார். முகம் கழுவித் தலை சீவியிருந்தார்.

"நான் பேசின அந்தப் பதிவ அழிச்சிடும்மா."

"சேர்!"

"லெட்டர் எழுதிடுவேன். சத்தியம் பண்ணியிருக்கேன்ல. ஆனா பதிவு இங்க கிடந்தா நாளைக்கு வர்ற ஆளு கேப்பான். மதியோட பேருக்குப் பின்னால என் பேர் இருக்கு, கௌசி. இந்தத் தொழில்ல அவளை எவன் சேத்துப்பான்? அவ என்ன பண்ணா? அன்னிக்குத்தான் பொறந்தா."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வான்மதி நின்றாள். அப்பாவுக்கு என்ன என்று கேட்டு எனக்குக் கைகாட்டினாள். நாளைப் பரீட்சைக்கு இன்றைக்கே ஆயத்தம்போலத் தலையை வாரி இறுக்கிக் கட்டியிருந்தாள்.

எனக்குள் இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. எங்கள் சனத்துக்கு இதுதானே வியாதி. குமர்ப்பிள்ளையின் எதிர்காலம் என்று ஒரு சொல் விழுந்தால் போதும், பிணத்தைக்கூடப் பாயால் மூடிவிட்டு விருந்தாளிக்குத் தேத்தண்ணி ஊற்றுவோம். செத்தவர் செத்துவிட்டார், இருக்கிற பிள்ளையைப் பார்ப்போம் என்று என் மனம் சொன்னது. வேலை தந்த மனிசன் என்றும் சொன்னது.

அழிக்கவா என்று கணினி கேட்டது. ஓம் என்று அழுத்தினேன்.

டிக்.

சேர் ஹெட்செட் போட்டிருக்கவில்லை. என் காதில் மட்டும்தான் கேட்டது. மூச்சில்லை. இரண்டே சொற்கள்.

"அப்ப சரி."

வான்மதி பரீட்சையில் பாஸ் பண்ணினாள். கேக் வெட்டினோம். பெரிய நிலையத்துக்குப் போனாலும் உடனே தனியாக விடமாட்டார்கள். பக்கத்தில் ஒரு மூத்தவரை இருத்தி மாதக்கணக்கில் பழக்குவார்கள். அந்த மாதங்களில் நான் சேரிடம் மூன்று தரம் கேட்டேன். கடிதம் எழுதியாச்சோ என்று. முதல் தரம் 'அடுத்த வாரம்' என்றார். இரண்டாம் தரம் 'மதி கொஞ்சம் கால் ஊனட்டும்' என்றார். மூன்றாம் தரம் என்னைக் கண்டதும் வேறு வழியால் போனார்.

நாலாவது மாதம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போய்விட்டது. வாயும் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். பேனா பிடித்த அந்தக் கை போர்வைக்கு மேல் ஒரு சாமான்போலக் கிடந்தது. என்னைக் கண்டதும் அவருடைய கண்கள் பெருத்தன. இடது கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். ஏதோ சொல்லப் பார்த்தார், எச்சில்தான் வந்தது. அவருக்கு என்ன வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இனி உலகத்தில் அதைச் சொல்லக்கூடிய வாய் என்னுடையது ஒன்றுதான்.

"சொல்லுறன் சேர்," என்றேன். "வான்மதி தனியக் கதிரையில இருக்கத் தொடங்கட்டும். பிறகு கட்டாயம் சொல்லுறன்."

அவர் தலையை இல்லை, இல்லை என்று ஆட்டினார். நான் அதைப் பார்க்காததுபோலத் தோடம்பழம் உரித்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வான்மதிக்கு முதல் தனி ஷிப்ட். காலையில் எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். புது அடையாள அட்டை, பெரிய சிரிப்பு.

நான் வீட்டில் மத்தியானச் சமையல் முடித்து, குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். லூயிஷாமில் எங்கள் வீட்டுக் கூரைக்கு மேலால்தான் ஹீத்ரோவுக்கு இறங்குகிற விமானங்கள் போகும். ஒன்றரை நிமிடத்துக்கு ஒன்று. வந்த புதிதில் எரிச்சலாக இருக்கும், பிறகு அது காதில் விழாது. போன் அதிர்ந்தது. கையைத் துடைத்துவிட்டு எடுத்தேன். வான்மதியின் குரல் செய்தி. நேரம் மூன்று பத்து.

அழுகிற குரல்.

"அக்கா, அப்பா போயிட்டாரு. இப்பதான் அம்மா சொன்னாங்க. நான் லாக்கர் ரூம்ல நிக்கிறேன். போனெல்லாம் வெளிய வெச்சிட்டுத்தானே உள்ள போவோம், எனக்கு ஒண்ணும் தெரியல. என்னை மாத்த வந்தவருதான் சொன்னாரு, வீட்ட இருந்து போன் வந்திருக்குன்னு. ரொம்ப நல்ல மனுஷன்க்கா. நாற்காலி மேல கை வெச்சு ரெண்டு நிமிஷமும் ஒழுங்கா நின்னு கேட்டாரு. தமிழ்ல பேசினாரு, உங்களை மாதிரியே. 'நீ போய்க் கதை பிள்ளை, நான் பாக்கிறன்'னாரு. நான் எந்திரிச்சு வந்துட்டேன். வாயில கிராம்பு மென்னுக்கிட்டு இருந்தாரு." மூக்கை உறிஞ்சினாள். "இங்க உங்க ஊர் ஆள் ஒருத்தர் வேலை செய்றாருன்னு நீங்க ஏன்க்கா எனக்குச் சொல்லவே இல்ல?"

நான் அவளுக்கு எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. திரும்ப எடுத்தேன். உன் கதிரைக்குப் போ, ஓடு என்று வெறும் மணிச் சத்தத்தைப் பார்த்துக் கத்தினேன்.

பிறகுதான் கவனித்தேன். குழாயை நான் மூடவில்லை, ஆனாலும் வீடு மிக அமைதியாக இருந்தது. தண்ணீர் விழுகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை.

யன்னலுக்குப் போய் வானத்தைப் பார்த்தேன். ஒன்றரை நிமிடம் எண்ணினேன். விமானம் வரவில்லை. இன்னும் ஒன்றரை நிமிடம் எண்ணினேன்.

குசினிக்குள் கராம்பு மணந்தது. நான் அன்றைக்குக் கராம்பு போட்டு எதுவும் சமைக்கவில்லை.